டவர் எட்டாத கொல்லைக்கு வானத்து வழி

1989ஆம் ஆண்டில் பழைய வட ஆற்காட்டிலிருந்து தனி மாவட்டமாகப் பிரிந்த திருவண்ணாமலை, அண்ணாமலையார் கோயிலாலும் கிரிவலத்தாலும் கார்த்திகைத் தீபத்தாலும் உலகறிந்த ஊராக விளங்கினாலும், அம்மாவட்டத்தின் பெரும்பாலான குடும்பங்களுக்குச் சோறிடுவது ஏரித் தண்ணீரில் விளையும் கழனியும், கிணற்றையும் போர்வெல்லையும் நம்பிய கொல்லையுமே ஆகும். சமவெளியில் நெல்லும் கரும்பும் வேர்க்கடலையும் விளைய, மேற்கே எழும் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள மலையாளி பழங்குடி ஊர்களில், சாமையும் புளியும் தேனும் வாழ்வாதாரமாக உள்ளன. இவ்விரு வகை நிலங்களிலும் அண்மை ஆண்டுகளில் புதிய கருவிகள் வந்து சேர்ந்துள்ளன. உழுவதோடும் இறைப்பதோடும் நில்லாமல், தம் நிலையைத் தொலைவிலிருக்கும் உரிமையாளருக்கு அறிவிக்கவும் அவரிடமிருந்து கட்டளை பெறவும் வல்லவை அவை. அச்செய்தி எவ்வழியாகப் போய்வருகிறது, வழியே இல்லாத இடத்தில் அதைச் செயற்கைக்கோள் வாயிலாக எவ்வாறு அமைக்கலாம், யாருக்கு அது உண்மையில் தேவை என்பவை உழவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகளாகிவிட்டன.

இக்கருவிகளில் பரவலாகக் காணப்படுவது கைபேசியால் இயக்கப்படும் மோட்டார் ஸ்டார்ட்டர். தமிழ்நாட்டில் 1990 முதல் உழவர் அனைவருக்கும் பாசன மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்பட்டு வந்தாலும், மும்முனை மின்சாரம் நீண்ட காலம் நேரம் பிரித்தே கொடுக்கப்பட்டதால், நள்ளிரவில் கையில் டார்ச் விளக்குடன் கொல்லைக்குச் சென்று மோட்டாரைப் போட்டுவிட்டு வருவது உழவர் வீடுகளின் வழக்கமாயிற்று. பாம்புக்கடிக்கும் மின்கசிவுக்கும் இடம் கொடுத்த அவ்வழக்கத்தை, சிம் பொருத்திய ஒரு சிறு பெட்டி பெருமளவு மாற்றியது: மின்சாரம் வந்துவிட்டதா, மோட்டார் ஓடுகிறதா, மூன்று முனைகளில் ஒன்று விடுபட்டுள்ளதா என்பதை அது வீட்டுக்குச் சொல்ல, வீட்டிலிருந்தே மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் முடிந்தது, அரசும் இதற்கு மானியம் வழங்கியுள்ளது. அடுத்து வந்தது சோலார் பம்புசெட். 2019இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின்கீழ் மானியத்துடன் நிறுவப்படும் ஒவ்வொரு சோலார் பம்புசெட்டும் தொலைக்கண்காணிப்புக் கருவியுடன் இருக்க வேண்டும் என்பது விதி. சூரியத் தகடு எவ்வளவு மின்சாரம் தந்தது, மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்பன போன்ற விவரங்களை அக்கருவி ஒரு மையக் கணினிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். இவற்றோடு சொட்டுநீர்க் குழாய்களின் வால்வுகளைத் திறந்து மூடும் கட்டுப்பாட்டுப் பெட்டி, மண்ணின் ஈரத்தையும் கிணற்றின் நீர்மட்டத்தையும் அளக்கும் உணரிகள், டிராக்டரும் நெல் அறுவடை இயந்திரமும் எங்கு நிற்கின்றன, எவ்வளவு டீசல் குடித்தன என்று சொல்லும் கருவிகள் ஆகியவையும் புழக்கத்துக்கு வந்துள்ளன.

இவை அனைத்தும் நம்பியிருப்பது கைபேசி நிறுவனங்களின் டவரைத்தான். டவர் எங்கே நிற்கிறது என்பதை முடிவு செய்வது கைபேசி வைத்திருக்கும் மக்களின் அடர்த்தி. சாலையோரத்திலும் ஊர் நடுவிலும் அது நிற்க, மோட்டார் கொட்டகையோ ஊரைவிட்டு விலகி, பெரும்பாலும் தாழ்வான இடத்தில் இருக்கிறது. நான்காம் தலைமுறைக் கைபேசிச் சேவைக்குப் பயன்படும் வானொலி அலைகள் மலையைச் சுற்றி வளைந்து செல்லும் ஆற்றல் குறைந்தவை என்பதால், மலைமுகட்டின் ஒரு பக்கம் முழு சிக்னல் இருக்க, மறுபக்கச் சரிவில் ஒன்றுமே இல்லாமல் போகிறது. ஜவ்வாது மலையின் மடிப்புகளில் அமைந்த சிற்றூர்களின் இடர்ப்பாடு இதுவே. கோயில் நகரைச் சுற்றியுள்ள சமவெளி ஊர்களுக்கு வேறொரு இடர்ப்பாடு உண்டு: பௌர்ணமிதோறும், குறிப்பாகத் தீபத் திருநாளில், 14 கி.மீ. கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கான அடியார் கூடும்போது, அவர்களின் கைபேசிகளும் சுற்றுவட்டாரத்து மோட்டார்களின் சிம்களும் ஒரே டவர்களைப் பங்கிட்டுக்கொள்ள நேர்வதால், மோட்டாரின் சிறு செய்தி நெரிசலில் சிக்கித் தாமதமாகிறது. கம்பிவட இணையமும் இக்குறையை முழுமையாகத் தீர்ப்பதில்லை; தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் ஒளியிழை வடத்தால் இணைக்கும் பாரத்நெட் திட்டத்தின் எல்லை ஊராட்சி அலுவலகம்தான், அதற்கப்பால் உள்ள கொல்லை அன்று.

செயற்கைக்கோளைத் தேடுவதற்கு முன் ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. நீர்மட்டம், மின்னழுத்தம், மோட்டார் ஓடும் நிலை ஆகிய மூன்றையும் சொல்லும் ஒரு செய்திக்கு ஏறத்தாழ 20 பைட் போதும். பைட் என்பது கணினியில் ஓர் ஆங்கில எழுத்தைப் பதியத் தேவைப்படும் இடம். மணிக்கொரு முறை அனுப்பினாலும் நாளொன்றுக்கு 480 பைட், மாதத்துக்குச் சுமார் 14,400 பைட் என்ற அளவிலேயே அது நிற்கும். கைபேசியில் அனுப்பப்படும் ஒரு சாதாரணப் புகைப்படமே இதைப்போலப் பல மடங்கு பெரிது. ஆகவே திரைப்படம் பார்க்கும் வீட்டுக்குத் தேவையான வேகம் ஒரு மோட்டாருக்குத் தேவையே இல்லை. அதற்குத் தேவையானது சில சொற்கள் தவறாமல் போய்ச் சேரும் உறுதி மட்டுமே. செயற்கைக்கோள் இணையம் என்ற பெயரில் இன்று விளம்பரம் பெறுவன பெரும்பாலும் வேகத்தை விற்பவை. உழவர் அவற்றை வாங்குவதற்கு முன் இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்த வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே நீக்கிவிடலாம். டிராக்டரில் இடங்காட்டும் கருவி இருப்பதால் அது ஏற்கெனவே செயற்கைக்கோளுடன் இணைந்திருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். ஜி.பி.எஸ். ஆயினும் இந்தியாவின் நாவிக் ஆயினும், அந்த அமைப்பில் கருவி செயற்கைக்கோளின் குறிப்பொலியைக் கேட்டுத் தன் இருப்பிடத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்கிறதே தவிர, மறுமொழியாக எதையும் மேலே அனுப்புவதில்லை. கணக்கிட்ட இடத்தை உரிமையாளருக்குத் தெரிவிக்க வேண்டுமானால், டவரோ வேறொரு செயற்கைக்கோளோ தனியாகத் தேவைப்படும்.

தகவல் தொடர்புச் செயற்கைக்கோள்களில் பழைய வகை, நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே 35,786 கி.மீ. உயரத்தில், பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றுவதால் தரையிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் புவிநிலைச் செயற்கைக்கோள் ஆகும். இந்தியாவின் இன்சாட், ஜிசாட் வரிசைகள் இவ்வகையின. இவற்றில் 2018 டிசம்பரில் ஏவப்பட்ட, 5,854 கிலோ எடையுள்ள ஜிசாட்-11, நாட்டைச் சிறு சிறு வட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு வட்டத்துக்கும் தனிக் கற்றை அனுப்பும் உயர்திறன் வகையைச் சேர்ந்தது; 2022 செப்டம்பரில் ஹியூஸ் நிறுவனம் இஸ்ரோவின் துணையுடன் இவ்வகை அகல அலைவரிசைச் சேவையை இந்தியாவில் வணிக முறையில் தொடங்கியது. அத்தனை உயரத்துக்கு ஏறி இறங்க ஒளியின் வேகத்தில் செல்லும் அலைக்கே கால் விநாடி ஆகிறது என்பதால், கேள்வி போய்ப் பதில் வர அரை விநாடி கடந்துவிடும். காணொளி உரையாடலுக்கு இது தொல்லை. மோட்டாரைப் போட்டவருக்கு அரை விநாடி ஒரு பொருட்டே அன்று.

திருவண்ணாமலைக்கு இந்தப் பழைய வகையிலும் ஒரு சிறப்பான வசதி உண்டு. நிலநடுக்கோட்டுக்கு 12 பாகை மட்டுமே வடக்கே இவ்வூர் அமைந்திருப்பதால், கிழக்குத் தீர்க்கரேகை 74 பாகையில் நிற்கும் ஜிசாட்-11 போன்ற செயற்கைக்கோள் இவ்வூர் வானில் ஏறக்குறைய 75 பாகை உயரத்தில், அதாவது உச்சிக்குச் சற்றே தெற்கில் சாய்ந்து காணப்படும். ஐரோப்பாவின் வடபகுதியில் அத்தகைய செயற்கைக்கோள் அடிவானத்தை ஒட்டித் தாழ்ந்திருக்க, ஒரு சிறு குன்றோ மாடிவீடோ அதை மறைத்துவிடும். இங்கோ ஜவ்வாது மலையின் பள்ளத்தாக்கில் இருப்பவருக்கும், 2,668 அடி உயர அண்ணாமலையின் அடிவாரத்தில் இருப்பவருக்கும் மலை குறுக்கே வருவதில்லை. டவர் சிக்னலை மறைக்கும் மலை, செயற்கைக்கோளை மறைப்பதில்லை என்பது இந்த வட்டாரத்தில் இத்தொழில்நுட்பத்துக்குள்ள முதல் நியாயம். தமிழ்நாட்டு வீடுகளின் மேல் டி.டி.எச். டிஷ்கள் வானத்தை அண்ணாந்து பார்த்தபடி இருப்பதற்கும் செயற்கைக்கோள் இவ்வாறு உயர்ந்து நிற்பதே காரணம்.

புதிய வகை, தாழ்சுற்றுப் பாதையில் கூட்டம் கூட்டமாகச் சுற்றுவது. ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 550 கி.மீ. உயரத்திலும், ஒன்வெப் செயற்கைக்கோள்கள் 1,200 கி.மீ. உயரத்திலும் சுற்றுகின்றன, ஒன்வெப்பின் 72 செயற்கைக்கோள்களை 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் இரு தவணையாக ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது இஸ்ரோவின் எல்.வி.எம்.-3 ஏவூர்தியே. அருகில் இருப்பதால் இவற்றில் தாமதம் மிகக் குறைவு, வேகம் மிகுதி. ஆனால் ஒவ்வொன்றும் சில நிமிடங்களில் வானைக் கடந்து சென்றுவிடுவதால், தரையிலிருந்து அவற்றுடன் பேசும் கருவியான முனையம், ஒரு செயற்கைக்கோளை விட்டு மற்றொன்றைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு உச்சியில் ஒரு துண்டு வானம் போதாது, நாற்புறமும் விரிந்த திறந்த வெளி தேவை. தென்னந்தோப்பின் நடுவிலும் குறுகிய பள்ளத்தாக்கிலும் இணைப்பு விட்டுவிட்டு வருவதன் காரணம் இதுதான். மேலும், 53 பாகை சாய்வில் சுற்றும் கூட்டம் 50 பாகை அட்சரேகையை ஒட்டி நெருங்கியும் நிலநடுக்கோட்டுப் பகுதியில் கலைந்தும் இருப்பது வடிவியலின் விளைவு. எனவே கனடாவிலோ இங்கிலாந்திலோ பெற்ற அனுபவத்தை அப்படியே தமிழ்நாட்டுக்குப் பொருத்திப் பார்ப்பது முறையாகாது.

மூன்றாவது வகையே வேளாண் கருவிக்கு மிகப் பொருத்தமானது; ஆயினும் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் அதுவே. குறுகிய அலைவரிசையில், சில பைட் அளவுள்ள செய்திகளை மட்டும், சிறு ஆன்டெனாவைக் கொண்டு அனுப்பும் முறை அது; சுருக்கமாக அதைக் குறுகலை என்போம். இந்தியாவுக்கு இது புதிதன்று. ஆளில்லாத இடங்களில் நிற்கும் தானியங்கி மழைமானிகளும் வானிலை நிலையங்களும் தம் அளவீடுகளை 402 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில் இன்சாட் செயற்கைக்கோளுக்கு அனுப்ப, இந்திய வானிலை ஆய்வுத் துறை அவற்றைப் பல ஆண்டுகளாகப் பெற்று வருகிறது. 2020 டிசம்பரில் பி.எஸ்.என்.எல்., ஸ்கைலோ நிறுவனத்துடன் சேர்ந்து, மீன்பிடி படகுகளையும் வேளாண் நிலங்களையும் கருதிச் செயற்கைக்கோள் வழிக் குறுகலைச் சேவையை அறிவித்தது. 2022இல் கைபேசித் தொழில்நுட்பங்களின் பன்னாட்டுத் தர வரையறை, சாதாரணக் கைபேசிச் சில்லே செயற்கைக்கோளுடன் பேசுவதற்கான விதிகளைத் தன் பதினேழாம் பதிப்பில் சேர்த்துக்கொண்டதால், இனி வரும் மோட்டார் ஸ்டார்ட்டரில் ஒரே சில்லு டவர் உள்ள இடத்தில் டவருடனும் இல்லாத இடத்தில் செயற்கைக்கோளுடனும் பேசும் நிலை உருவாகி வருகிறது.

நிலத்தில் இன்னும் தயங்கி நிற்கும் இம்முறை, கடலில் முன்னேறிவிட்டது. 2015 ஆகஸ்டில் ஏவப்பட்ட ஜிசாட்-6 செயற்கைக்கோள், விண்வெளியில் குடைபோல் விரியும் 6 மீட்டர் ஆன்டெனாவைக் கொண்டிருப்பதால், கீழே இருக்கும் கருவி சிறியதாக இருந்தாலும் அதன் மெல்லிய குறிப்பொலியைக் கேட்க வல்லது. அதனுடன் பேசும் இஸ்ரோ வடிவமைப்பு டிரான்ஸ்பாண்டர் கருவிகளை ஒரு லட்சம் மீன்பிடி படகுகளில் 364 கோடி ரூபாய்ச் செலவில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கப்பட்டது. கரையிலிருந்து புயல் எச்சரிக்கை படகுக்குப் போகிறது. படகிலிருந்து ஆபத்துச் செய்தி கரைக்கு வருகிறது. டவர் எட்டாத கடலில் மீனவருக்குப் பொதுச் செலவில் செய்து கொடுக்க முடிந்ததை, டவர் எட்டாத மலையில் உழவருக்குச் செய்ய முடியாது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை.

மழை இங்கே தனியாகக் கருதத்தக்கது. வேகமான சேவைகள் பயன்படுத்தும் கேயூ, கேஏ அலைவரிசைகளில் அலையின் நீளம் ஓரிரு சென்டிமீட்டர் அளவே என்பதால், பெருமழையின் துளிகள் அந்த அலையை உறிஞ்சியும் சிதறடித்தும் இணைப்பை நலிவடையச் செய்கின்றன. குறுகலைச் சேவைகள் பயன்படுத்தும் எல், எஸ் அலைவரிசைகளின் அலை நீளம் அதைப்போலப் பல மடங்கு பெரிது என்பதால் மழை அவற்றை ஏறக்குறைய தொடுவதே இல்லை. 2024 டிசம்பர் முதல் நாளில் ஃபெஞ்சல் புயல் மழையால் திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து 7 பேர் உயிரிழந்ததையும், அதை அடுத்துச் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டுக் கரையோர ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கியதையும் இவ்வட்டாரம் மறக்க இயலாது. செய்தி மிகவும் தேவைப்படும் நாள், மின்சாரம் நின்று டவர்கள் ஓய்ந்துபோகும் நாளாகவும், பெருமழையில் டிஷ் தடுமாறும் நாளாகவும் இருக்கக்கூடும். மலைச்சரிவில் வைக்கும் மழைமானிக்கும், ஆற்றோர மோட்டாருக்கு வெள்ளம் சொல்லும் கருவிக்கும் வேகமான டிஷ்ஷை விட மழையைத் தாங்கும் குறுகலையே உகந்தது என்று கூறுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

இனி அமைக்கும் முறை. ஒரு மோட்டாருக்கு ஒரு முனையம் என்ற எண்ணத்தோடு தொடங்குவது தவறு; செலவும் மின்சாரமும் வீணாகும். முறையான அமைப்பில் இரண்டு கண்ணிகள் உள்ளன. முதற் கண்ணி, கொல்லைகளில் சிதறியுள்ள கருவிகளை ஒரு பொதுப் பெட்டியுடன் கம்பியின்றி இணைப்பது. இதற்கு லோரா என்ற தொலைவீச்சு முறை உதவுகிறது. இந்தியாவில் உரிமம் பெறாமலே பயன்படுத்த அனுமதிக்கப்பட்ட 865 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் அது, வேகம் மிகக் குறைந்ததாயினும், தடையற்ற வெளியில் சில கிலோமீட்டர் வரை எட்டும். அதில் இயங்கும் உணரி ஒரு சிறு பேட்டரியிலேயே பல மாதங்கள் உழைக்கும். இரண்டாம் கண்ணி, அப்பொதுப் பெட்டியை வெளியுலகுடன் இணைப்பது. செயற்கைக்கோள் வருவது இங்கேதான். பொதுப் பெட்டியை வைக்க ஊரில் ஏற்ற இடம் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி. உயரம், மின்சாரம், பாதுகாப்பு மூன்றும் அங்கே ஒருங்கே கிடைக்கின்றன. அத்தொட்டியின் உச்சியில் டவர் சிக்னல் கிடைத்துவிட்டாலோ, அருகிலுள்ள ஊராட்சி அலுவலகத்தில் ஒளியிழை வடம் உயிருடன் இருந்தாலோ, செயற்கைக்கோளே தேவையில்லை. சமவெளி ஒன்றியங்களின் பெரும்பாலான ஊர்களுக்கு இதுவே போதுமான தீர்வு என்பதைச் செயற்கைக்கோள் முனையம் விற்பவர் சொல்லமாட்டார். ஆகவே இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது.

மின்சாரமும் இல்லாத இடமானால் சூரியத் தகட்டின் கணக்கை முன்கூட்டியே போட வேண்டும். தாழ்சுற்றுச் சேவையின் சிறு முனையம் 25 முதல் 40 வாட் வரை மின்சாரம் இழுக்கும். அதை 30 வாட் என்று கொண்டால், நாள் முழுதும் ஓட 720 வாட்-மணி தேவை. நாளொன்றுக்கு ஐந்து மணி நேர முழு வெயில் கிடைக்கும் என வைத்துக்கொண்டால் 150 வாட் தகடு கணக்குக்குச் சரியாக இருக்கும். ஆனால் தூசும் மேகமும் பேட்டரியில் ஏற்படும் இழப்பும் சேர்ந்து, ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அது பற்றாமல் போகும். இரு மடங்கு தகடும், இரண்டு மூன்று நாள் மூடாக்கைத் தாங்கும் பேட்டரியும் வைப்பதே அறிவுடைமை. முனையத்தை மணிக்குப் பதினைந்து நிமிடம் மட்டும் உயிர்ப்பித்துச் செய்திகளை அனுப்பிவிட்டு அணைக்கும் ஒரு நேரச் சுவிட்சைப் பொருத்தினால், தேவை 180 வாட்-மணியாக, அதாவது நாலில் ஒரு பங்காகக் குறையும். குறுகலைக் கருவியாக இருந்தால் இந்தக் கவலையே இல்லை. உள்ளங்கை அகலத் தகடு அதற்குப் போதும்.

நிறுவும்போது கவனிக்க வேண்டியவை சிறியனவாயினும் விளைவில் பெரியன. டிஷ் அல்லது முனையத்தைத் தாங்கும் இரும்புக் குழாய் காற்றில் அசையாதவாறு கான்கிரீட்டில் ஊன்றப்பட வேண்டும்; வெட்ட வெளியில் நிற்கும் உயரமான இரும்பு இடியை ஈர்க்கும் என்பதால், தனி எர்த்தும் மின்னெழுச்சித் தடுப்பானும் இல்லாத அமைப்பு முதல் கோடை மழையோடு முடிந்துபோகும். வயரை எலியும் அணிலும் கடிக்கும், குரங்கு பிடுங்கும். கிரிவலப் பாதையை ஒட்டிய ஊர்களும் மலையூர்களும் இதை நன்கு அறியும். எனவே வயர் முழுவதும் இரும்புக் குழாய்க்குள்ளேயே செல்ல வேண்டும். செயற்கைக்கோள் உச்சிக்கு அருகில் இருப்பதால் இங்கே டிஷ் வானை நோக்கி மல்லாந்தே இருக்கும். அதில் சருகும் எச்சமும் சேராதபடி அவ்வப்போது துடைக்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது, முடிவெடுக்கும் அறிவை மோட்டாரின் அருகிலேயே வைப்பது. கிணறு வற்றிய பின்னும் ஓடும் மோட்டாரின் காயில் சில நிமிடங்களிலேயே புகைந்துவிடும். மூன்று முனைகளில் ஒன்று போனாலும் அதே கேடுதான். இத்தகைய வேளையில் செய்தி வானுக்குப் போய், உரிமையாளர் கைபேசியைப் பார்த்து, நிறுத்தும் கட்டளை திரும்பி வரும்வரை காத்திருக்கும் அமைப்பு பயனற்றது. நீர்மட்டம் தாழ்ந்தால் தானே நிற்பதும், நேரம் முடிந்தால் தானே வால்வை மூடுவதும், இணைப்பு அறுந்தால் கடைசியாகக் கொடுத்த பாதுகாப்பான கட்டளையின்படியே நடப்பதும் கொட்டகையிலுள்ள பெட்டியின் வேலை. நடந்ததைச் சொல்வதும் புதிய நேரப்பட்டியலை வாங்கிக்கொள்வதும் மட்டுமே செயற்கைக்கோளின் வேலை. இணைப்பு இல்லாத நேரத்து அளவீடுகளைச் சேமித்து வைத்து, இணைப்பு வந்ததும் வரிசையாக அனுப்பும் நினைவகமும் அப்பெட்டியில் இருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத பொருளை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

வெளிநாட்டு எடுத்துக்காட்டுகள் இவ்விடத்தில் எளிதில் வழிதவறச் செய்யும். டிராக்டர் உற்பத்தியில் பெயர்பெற்ற ஜான் டீர் நிறுவனம் 2024 ஜனவரியில், ஸ்டார்லிங்க்கை நடத்தும் ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனத்துடன் உடன்பாடு செய்துகொண்டு, அமெரிக்காவிலும் பிரேசிலிலும் தன் இயந்திரங்களின் கூரைமேலேயே ஸ்டார்லிங்க் முனையத்தைப் பொருத்தும் திட்டத்தை அறிவித்தது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே உரிமையாளரின் வயல் பரந்து கிடக்கும் நாடுகளில் அச்செலவு தாங்கும். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஓர் உழவரின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அந்நிலத்தில் தனி முனையம் வைப்பது மோட்டாரின் விலையை விஞ்சும் செலவாகிவிடும். பங்காளிகள் ஒரே கிணற்றில் பங்கு வைத்துக்கொண்டு, இன்னாருக்கு இன்ன நாள் என்று முறைபோட்டுத் தண்ணீர் இறைப்பதுபோல, ஒரு முனையத்தைச் சிற்றூர் முழுதும் பங்கிட்டுக்கொள்வதே இம்மண்ணுக்கு ஒத்த வழி. மேலே கண்ட கணக்கின்படி நூறு மோட்டார்களின் ஒரு மாதச் செய்தியும் சேர்ந்து ஒன்றரை மெகாபைட்டைத் தாண்டாது என்பதால், பங்கு பிரிப்பதில் சச்சரவுக்கும் இடமில்லை. எஞ்சிய வேகம் முழுவதும் பள்ளிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் நியாயவிலைக் கடைக்கும் பயன்படும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ ஊராட்சியோ அதன் உரிமையாளராக இருக்கலாம்.

பொதுப் பயனுக்குச் செயற்கைக்கோளைப் பயன்படுத்தும் எண்ணத்தில் இந்தியாவும் தமிழ்நாடும் பின்தங்கியவை அல்ல. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு, நாசாவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை இரவல் பெற்று, ஆறு மாநிலங்களின் 2,400 ஊர்களுக்கு வேளாண்மையையும் உடல்நலத்தையும் தொலைக்காட்சி வழியே கற்பித்த நாடு இது. 2004 அக்டோபரில், இஸ்ரோவும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, நாட்டின் முதல் ஊரக வள மையங்களைத் தமிழ்நாட்டின் திருவையாறு, தங்கச்சிமடம், செம்பட்டி ஆகிய ஊர்களில் அமைத்து, உழவரும் மீனவரும் செயற்கைக்கோள் வழியே வல்லுநரை நேரில் கேட்க வகைசெய்தன. அன்று மனிதர்க்காக அமைத்த பொது இணைப்பை இன்று கருவிக்காகவும் விரிப்பதே அடுத்த படியாக இருக்க முடியும்.

சட்டத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. இந்தியாவில் செயற்கைக்கோளுடன் பேசும் எந்தக் கருவியையும் உரிய அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டுப் பயணிகள் மிகுதியாக வந்து தங்கும் திருவண்ணாமலையில், அவர்களிடமிருந்தோ இணையவழிக் கடைகளிலிருந்தோ செயற்கைக்கோள் தொலைபேசியையோ வெளிநாட்டு முனையத்தையோ வாங்கிப் பொருத்துவது சிறைக்கு வழிவகுக்கும். ஒன்வெப், ஜியோ ஆகியவற்றின் செயற்கைக்கோள் நிறுவனங்கள் முன்பே உரிமம் பெற்றிருக்க, ஸ்டார்லிங்க் 2025 ஜூனில் தொலைத்தொடர்புத் துறையின் உரிமத்தையும், அடுத்த மாதம் விண்வெளித் துறையின் கீழ் இயங்கும் இன்ஸ்பேஸ் அமைப்பின் ஒப்புதலையும் பெற்றது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், இச்சேவைக்கான அலைக்கற்றையை ஏலமின்றி அரசே ஒதுக்கலாம் என்கிறது. அதற்கு நிறுவனங்கள் தம் வருவாயில் 4 விழுக்காடு செலுத்த வேண்டும் என்றும், நகர்ப்புற வாடிக்கையாளர் ஒருவருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் கூடுதலாகச் செலுத்த வேண்டும் என்றும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 மே மாதத்தில் பரிந்துரைத்தது. ஊரகத்துக்கு அக்கூடுதல் கட்டணம் வேண்டாம் என்ற நோக்கம் பாராட்டத்தக்கது. எனினும் கட்டணத் தள்ளுபடி மட்டும் ஜமுனாமரத்தூருக்கு ஒரு முனையத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடாது.

ஜவ்வாது மலையிலேயே, திருப்பத்தூர் மாவட்ட எல்லைக்குள், காவலூரில் உள்ள வைணு பாப்பு வான் ஆய்வகத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். நகரத்து வெளிச்சம் எட்டாத இருண்ட வானத்துக்காகவே 1960களின் இறுதியில் தேர்ந்தெடுக்கப்பட்ட அவ்விடத்தில், 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி தொடங்கி வைக்கப்பட்டது. தாழ்சுற்றுச் செயற்கைக்கோள்கள் பல்லாயிரமாகப் பெருகும்போது, அவற்றின் மேல் படும் சூரிய ஒளி தொலைநோக்கியின் படங்களில் கோடுகளாக விழுவது உலகெங்கும் வானியலாளரின் கவலையாக உள்ளது. சில பைட் செய்திக்காக அத்தனை செயற்கைக்கோள்கள் தேவையில்லை. வானில் ஒரே இடத்தில் நிற்கும் இந்தியச் செயற்கைக்கோள்களே மோட்டாருக்குப் போதும் என்பது இவ்வகையிலும் நன்று.

எனவே வேளாண் பொறியியல் துறை செய்யத்தக்கது தெளிவாக உள்ளது. சோலார் பம்புசெட்டுக்கான தொலைக்கண்காணிப்பு விதியில் சிம்முக்கு மாற்றாகக் குறுகலைச் செயற்கைக்கோள் இணைப்பையும் ஏற்கலாம் என்று சேர்ப்பதும், டவர் எட்டாத சிற்றூர்களில் பொது முனையத்துக்கு மானியம் வழங்குவதும், அதைப் பழுதுபார்க்க அந்த ஊர் இளைஞர் இருவருக்குப் பயிற்சி அளிப்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் செயல்கள் அல்ல. மாவட்டத்தின் 18 ஊராட்சி ஒன்றியங்களில் ஜவ்வாது மலை ஒன்றியத்திலிருந்து அப்பணியைத் தொடங்குமாறு துறையை வேண்டிக்கொள்வதும், அதுவரை தனித்தனியே விலையுயர்ந்த முனையங்களை வாங்கிப் பணத்தை முடக்க வேண்டாம் என உழவர்களைக் கேட்டுக்கொள்வதும் பொருத்தமாகும்.